இடுப்பு முப்பத்திரண்டு

ஜூன் 9, திங்கள்

காலை: இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காப்பி. பதினோரு மணிக்கு ஒரு கை மிக்சர். மத்தியானம்: சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ரசம், தயிர், அப்பளம் இரண்டு. மாலை: டீ, தேங்காய் பன் பாதி. ராத்திரி: தோசை மூன்று.

இப்படி ஒன்று விடாமல் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் ஷகிலா பானு மேடம். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். சனிக்கிழமை அங்கே நடந்த முகாமுக்குப் பக்கத்து வீட்டு ரமாமணி இழுத்துக்கொண்டு போனாள். எடை எண்பத்தொன்று. உயரம் நூற்றைம்பத்து மூன்று. இடுப்பு தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். இப்போதே பார்த்துக்கொண்டால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாம் என்றார். பொய் எழுதக் கூடாது என்றும் சொன்னார்.

வீட்டு நிலவரத்தையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டுமாம். நான் சாந்தாமணி, வயது நாற்பத்தேழு. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் ஈஸ்வரமூர்த்தி, வயது ஐம்பத்திரண்டு, இங்கே தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். மகள் மிருதுளா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சமைப்பது நான்தான்.

அவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஒல்லி. என் இடுப்பளவைச் சொன்னதும், "அளவு நாடா பத்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 14, சனி

இனி எனக்கு அவர்தான் பயிற்சியாளராம். காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போனார். நான் சுற்றி நடக்க வேண்டும், அவர் கொடிக்கம்பத்துப் பக்கம் நின்று விசில் ஊதுவார். நடை தளர்ந்தால் நீளமாக ஊதுகிறார். விடுதிப் பையன்கள் பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க, நீங்களும் கூட நடக்கலாமுல்லங்க?"

"கோச் எங்காச்சும் ஓடுவானா சாந்தா? நான் ஓட வேண்டியதெல்லாம் இருவத்தஞ்சு வயசுலயே ஓடி முடிச்சாச்சு."

திரும்பும்போது பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். முட்டை பப்ஸ் இரண்டு, தேங்காய் பன் ஒன்று, சர்க்கரை தூக்கலாக டீ. நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாசம் புடிக்காத, அதுலயும் எடை ஏறிரும்," என்றார். பேக்கரிக்காரரும் சிரித்தார்.

நான் சாப்பிட்டது: கேழ்வரகுக் கூழ் ஒரு டம்ளர்.

ஜூலை 2, புதன்

காலை: கம்பு தோசை இரண்டு. மத்தியானம்: சோறு ஒரு கிண்ணம், கொள்ளு ரசம், பீன்ஸ் பொரியல்.

நாளைக்குப் பெற்றோர் கூட்டம். மற்ற நாளெல்லாம் நாடா வைத்த ட்ராக் பேண்ட்தான், கூட்டத்துக்கு மட்டும் முழுப் பேண்ட் போட்டுப் போக வேண்டும். சாம்பல் நிறப் பேண்ட்டை எடுத்து இடுப்பின் பின்பக்கத் தையலைப் பிரித்தேன். முன்பே சில தடவை பிரித்து விட்டதால் உள்ளே மடிப்பில் துணி மிச்சமில்லை. அதே நிறத்தில் ஒரு முக்கோணத் துண்டை வைத்து இணைத்தேன். பெல்ட் போட்டால் தெரியாது.

சாயங்காலம் போட்டுப் பார்த்தார். "போன தடவ இறுக்கிப் புடிச்சுது. இப்பச் சரியா இருக்குது பாரு."

"சோப்ப மாத்திப் போட்டனுங்க. பழைய சோப்புல துணி சுருங்குது."

இளவயதில் அவரோடு கபடி ஆடியவர்கள் எல்லோருக்கும் தொந்தி விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த அதே முப்பத்திரண்டு இஞ்சு இடுப்பு தனக்கு மட்டும்தான் என்று அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். சொல்லும்போது முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிடும்.

மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன்.

ஜூலை 12, சனி

எடை எழுபத்தெட்டு. மேடம் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்புறம் இந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"உங்க சாப்பாட்டவிட சாரோட சாப்பாட்டப் பத்தித்தான் அதிகமா எழுதியிருக்கீங்க," என்றார்.

"அவரு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாதுங்க மேடம்."

"கை கால்ல ஒட்டாது. வயித்துல?"

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தோலுக்கடியில இருக்கற கொழுப்பு கண்ணுக்குத் தெரியும், பாத்துட்டு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. ஈரலைச் சுத்தி, குடலைச் சுத்திச் சேர்றதுதாம்மா ஆபத்து. கை கால் குச்சியா இருக்கும், வயிறு மட்டும் உருண்டிருக்கும். நம்ம ஊர்ல நெறைய பேர் அப்படித்தான். தராசுல ஏறி நின்னா எடை சரியாத்தான் காட்டும். ஒரு சின்ன வழி சொல்றேன். உயரத்துல பாதிக்கு மேல இடுப்பு போகக் கூடாது. சார ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

சரி என்று வந்தேன். அவர் உயரம் நூற்று அறுபத்தெட்டு. அவர் பேண்ட்டின் இடுப்பு இப்போது எவ்வளவு என்று தைத்த எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போடப் பார்த்தேன். அப்புறம் போடவில்லை. வீட்டில் முருங்கைக்கீரை உருவ வேண்டியிருந்தது.

மேடத்துக்குச் சாப்பாட்டு விவரத்தை இனித் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். இது என்னோடு இருக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

அவர் தட்டில் சோற்றைக் குறைத்துக் காயை அதிகம் வைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க. மேடம் சொன்னாங்க, ஐம்பது வயசுக்கு மேல…"

"சீக்கு உனக்கு. பத்தியம் எனக்கா?"

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டா சாப்பிட்டதாக வந்து சொன்னார். மிருதுளா போனில், "அப்பா, நீங்களும் ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்களேன்" என்றதற்கு, "மைதானந்தான் கண்ணு எனக்கு டெஸ்ட்" என்று சொல்லிவிட்டு, நான் வியர்க்க நடப்பதை எடுத்த படத்தை அவளுக்கு அனுப்பினார். அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

சோறு வீணாகக் கூடாதென்று தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி, பதினெட்டாம் பெருக்கு. அமராவதி ஆற்றில் நல்ல தண்ணீர். அவருடைய அக்கா சரசு வந்திருந்தாள். ஒப்பிட்டு சுட்டேன், பருப்புப் பூரணம் வைத்த போளி. நான் ஒன்று தின்றேன். அவருக்குச் சுடச்சுட நெய் ஊற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். நோம்பியன்று மறுக்க மனம் வரவில்லை.

சாமி படத்துக்குப் பக்கத்தில் மாமனார் படம். சரசக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எங்கய்யன் போனப்ப இவன் வயசுதான் இருக்கும். அவரும் இவனாட்டவே வெடவெடன்னு ஒல்லி."

"வெயில் தாக்கிச் செத்தாரு. வயசு எங்க வந்துச்சு அதுல?" என்று சொல்லி அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பொழுது இறங்கித்தான் வந்தார்.

மாமனாரை நான் பார்த்ததில்லை. காட்டில் உழுதுகொண்டிருந்தபோது விழுந்துவிட்டார் என்று கல்யாணமான புதிதில் சொன்னார்கள். அப்போது கூட இருந்தது இவர் மட்டும். பதினெட்டு வயது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடை எழுபத்தைந்து. தெருவில் எல்லோரும் என்ன சீக்கு என்று கேட்கிறார்கள். இவர் ஆசிரியர் அறையில், "எல்லாம் நம்ம கோச்சிங்" என்று சொன்னாராம்.

அவர் கால் பெருவிரலில் விளையாட்டு ஷூ கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. மஞ்சள் பத்துப் போட்டேன், பவுடர் போட்டேன். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர்ச் சொம்பு காலையில் பார்த்தால் காலியாக இருக்கிறது. பெரிய சொம்பாக மாற்றி வைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளி விளையாட்டு விழா. பழைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கபடி. வேண்டாமுங்க என்று நேற்றே சொன்னேன். கேட்கவில்லை. பனியனின் பக்கத் தையலைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தேன்.

முதல் தடவை கபடி பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தார். மைதானமே கத்தியது. அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழாவில் பார்த்தது, அதற்கப்புறம் இன்றுதான். இரண்டாம் தடவை பாடிக்கொண்டே போனவர் நடுவில் பாட்டை நிறுத்தினார். அப்படியே குத்த வைத்து உட்கார்ந்தார். பையன்கள் அதுவும் ஆட்டத்தில் ஒரு தந்திரம் என்று நினைத்துக் கிட்டே வராமல் நின்றார்கள்.

நான் ஓடினேன். என்னால் இப்போது ஓட முடிகிறது. முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாயு. கொண்டக்கடலை திங்காதன்னு நானே பசங்களுக்குச் சொல்லுவேன், நானே தின்னுட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிரித்தார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஏப்பம் வந்தது.

தலைமையாசிரியர், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருங்களேன் சார்" என்றார். இவர் என்னைப் பார்த்தார். "சாந்தா, காலைல கொண்டக்கடலதான தின்னேன்? சொல்லு."

"ஆமாங்க," என்றேன்.

காலையில் அவர் தின்றது அரிசிம்பருப்புச் சோறு.

செப்டம்பர் 13, சனி

வாயுத் தொல்லைதான். ஓமம் வறுத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். மாடிப்படியில் பாதியில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழேயே நின்றேன். கட்டி முடித்து நான்கு படி ஏறினார். மறுபடியும் குனிந்து, மூச்சு வாங்க, அதையே கட்டினார்.

கண்ணாடியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

இன்று நடந்ததை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மேடத்தைப் பார்க்கத் துணைக்கு வாருங்கள், தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி அவரைக் கூட்டிப் போனேன். நன்றாகச் சட்டையை உள்ளே விட்டு, சாம்பல் பேண்ட், பெல்ட், எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். என் எடையைப் பார்த்து மேடம் பாராட்டியதும், "நான் குடுத்த பயிற்சிங்க மேடம்" என்றார்.

"அப்ப கோச்சோட அளவும் பாத்துரலாமே சார். உங்க இடுப்பு எவ்வளவு?"

"முப்பத்திரண்டு. கல்யாணத்துலருந்து மாறல."

மேடம் நாடாவைச் சுற்றினார். நாடாவின் நுனியை அவர் விரலிலேயே கொடுத்து, "நீங்களே படிங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முப்பத்தெட்டரை.

"உங்க நாடா தப்புங்க மேடம். என்ற பேண்ட் எல்லாமே முப்பத்திரண்டுதான். உள்ள சீட்டு இருக்குது பாருங்க." பெல்ட்டைத் தளர்த்தி, இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து மடக்கிக் காட்டினார். முப்பத்திரண்டு என்று போட்ட கடைச் சீட்டு அங்கேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நான் வைத்துத் தைத்த முக்கோணத் துண்டும் இருந்தது. அவர் விரல் அதன் மேல் போய் நின்றது. விரலாலேயே ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

மேடம் ரத்தப் பரிசோதனைக்கும் ஈ.சி.ஜி.க்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"எத்தன வருசமா?"

"மிருதுளா பன்னெண்டாவது படிக்கறப்ப இருந்துங்க."

"நான் ஒன்னைய கேலி பண்றப்பெல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப."

"சிரிக்கலீங்க."

"அப்பறம் எதுக்குப் பண்ணுன?"

அந்த முகம் வாடிவிடக் கூடாதென்று செய்ததை வாயால் சொல்ல வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பேசவில்லை. மைதானத்துக்கும் வரவில்லை. தனியாக நடந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பேண்ட் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே வைத்திருந்தார். பழைய துணிக்காரி எடுத்துப் போனாள்.

அக்டோபர் 15, புதன்

தட்டைப் போட்டதும், "அந்தக் களி கொஞ்சம் எனக்கும் வெய்யி" என்றார். வைத்தேன். கீரையும் வைத்தேன். எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "சக்கரை வெறும் வயித்துல இருநூத்தி முப்பத்தெட்டு இருக்குதாமா. கொழுப்பும் அதிகமாமா. ரத்தம் மட்டும் குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

"ஈ.சி.ஜி.?"

"அடுத்த மாசம் மண்டலப் போட்டி முடியட்டும். இதய டாக்டர்கிட்டக் கோயமுத்தூர் போகோணுமாமா. போலாம்."

பேசினாரே என்ற சந்தோஷத்தில் நான் சரிங்க என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மிருதுளா வந்திருக்கிறாள். இனிப்பு செய்யவில்லை. ரமாமணி கொடுத்தனுப்பிய லட்டை அவர் கையில் எடுத்தார், பார்த்தார், மகளிடமே கொடுத்துவிட்டார். மிருதுளா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வெகுநாளைக்கப்புறம் நல்ல நாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

அவருடைய ஷூ பனியில் நனைந்திருந்தது. புல் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "ஓடுனேன். விட்டதையெல்லாம் ஓடித்தான் புடிக்கோணும்" என்றார். நான் எழுவதற்கு முன்பே போய்விட்டு வருகிறார்போல. டாக்டரைப் பார்த்துவிட்டு ஓடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் களைப்போடு உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, "மூணு மாசத்துல முப்பத்திரண்டு வருதா இல்லையா பாரு" என்றார். பழைய மாதிரியே சொன்னார்.

ஷூவை வெயிலில் காய வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயமுத்தூர், ஆஸ்பத்திரி வராந்தா. திங்கட்கிழமை காலை மைதானத்தில் விழுந்துவிட்டார். விடுதிச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். தாராபுரத்தில் ஊசி போட்டு அங்கிருந்து ஆம்புலன்சில் இங்கே. மிருதுளா கூட இருக்கிறாள். ஐ.சி.யூ.வுக்குள் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

நவம்பர் 12, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். இதயத்துக்குப் போகிற மூன்று ரத்தக் குழாயும் அடைத்திருக்கிறது. சர்க்கரையால் சின்னச் சின்னக் கிளைகள்கூடக் கெட்டிருப்பதால் ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை, ஆபரேஷன் தாங்குகிற பலமும் இதயத்துக்கு இல்லை. கால்பங்குதான் வேலை செய்கிறது. மாத்திரையில் ஓட்ட வேண்டும்.

"இது முதல் அட்டாக் இல்ல. பழைய தழும்பு ஒண்ணு இருக்கு. ஒரு ரெண்டு மாசத்துக்கு முன்னால நெஞ்சு வலி, தோள் வலி, வேர்வை, அப்படி ஏதாவது வந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர்," என்றார் அவர் படுத்தபடியே.

"வந்துச்சுங்க," என்றேன் நான். "செப்டம்பர்ல. கபடி ஆடறப்ப. கொண்டக்கடல தின்னாருன்னு நான் பொய் சொன்னனுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கே வந்திருந்தா நெறைய மிச்சம் பண்ணியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. போய்விட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவர் கூப்பிட்டார். மூக்கில் குழாய் இருந்ததால் குரல் சன்னமாக வந்தது. "சாந்தா, அந்தப் பொய் என்னுது. உன்ற வாயில வெச்சுச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். நீ எடுத்துக்காத."

மிருதுளா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். காலையில் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கூட நடக்கிறேன். என் கால் தானாக முன்னால் போகிறது, பிடித்து நிறுத்திக்கொள்கிறேன். "போ, எனக்காக நிக்காத," என்கிறார். ரமாமணி வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினோம். உப்பில்லாத ரசத்தை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைத்தேன். நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். கால் வீக்கம் இன்று அதிகம்.

"எங்கய்யன் வெயில்ல சாகல," என்றார். நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். "காலங்காத்தால ஏர் ஓட்டிட்டிருந்தாரு. வெயிலே இன்னும் ஏறல. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே வரப்புல ஒக்காந்தாரு. தண்ணி கொண்டான்னாரு. நான் கெணத்துக்கு ஓடுனேன் பாரு, அன்னிக்கு ஓடுனதுதான் சாந்தா நான் ஓடுனதுலயே வேகம். சொம்போட வர்றதுக்குள்ள ஆயிப்போச்சு."

"வெயில்னு யாருங்க சொன்னது?"

"நாந்தான். டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டியிருந்தா பொழச்சிருப்பாருன்னு ஊர்ல ஆளாளுக்குப் பேசுனாங்க. அம்மா அழுதுச்சு. வெயில்னு சொன்னா யாரும் ஒண்ணும் பேச முடியாதுல்ல."

தெருவில் பிள்ளைகள் மத்தாப்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அதுலருந்து பயந்தான் எனக்கு. ஓடிக்கிட்டே இருந்தா அது நம்மளப் புடிக்காதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன். வயசாக வயசாக ஓட முடியல. ஓடறவனாட்டப் பேசிக்கிட்டு நின்னேன். ஒன்னையக் கண்டா எளக்காரமாப் பேசுனதெல்லாம் அந்தப் பயந்தான் போல இருக்குது."

நான் அவர் காலைத் தூக்கி முக்காலி மேல் வைத்தேன். வீங்கிய இடத்தில் என் விரல் அழுந்திக் குழி விழுந்தது. குழி மேடாகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

அவர் போய் எட்டு நாளாகிறது.

வியாழக்கிழமை முற்பகல். நான் அடுப்படியில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். தள்ளிப்போய் நடந்த மண்டலப் போட்டியில் பள்ளிக்கூடம் கபடியில் ஜெயித்த செய்தி வந்திருந்தது, சத்தமாகப் படித்துக் காட்டினார். புதிதாக வந்த பி.டி. சாரின் பெயரையும் படித்தார். "பரவால்ல, பையன் நல்லாப் பழக்கியிருக்கான்," என்றார். பிறகு தாள் புரட்டும் சத்தம் கேட்கவில்லை. நறுக்கி முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். ஏன் உடனே போகவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தாள் மடியில் இருந்தது. கண்ணாடி போட்டபடியே இருந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். தொந்தி தொப்பை இல்லாத மனுசன், தினம் மைதானத்தில் நின்றவன், இவனுக்கு எப்படி என்றார்கள். கூட்டத்தில் ஒருத்தி என்னைக் காட்டி மெதுவாக, "இந்தம்மாவுக்கு வந்திருந்தாலும் அர்த்தம் இருக்குது" என்றது காதில் விழுந்தது. சரசக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 27, சனி

மிருதுளா லீவை நீட்டித்திருக்கிறாள். சோறு பிசைந்து கையில் கொடுக்கிறாள். விழுங்குகிறேன்.

சரசக்காவுக்குப் போன் செய்து ரத்தம் பரிசோதிக்கச் சொன்னேன். மாமனார் எப்படிப் போனார் என்பதையும் சொன்னேன். "அவன் எங்க யாருகிட்டயும் சொல்லலயே," என்றாள்.

ஜனவரி 3, சனி

வெறும் வயிற்றோடு நானும் மிருதுளாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை. காலையில் அவளே குளித்துத் தயாராகி, "வாங்கம்மா, ரெண்டு பேரும் குடுத்துட்டு வந்துரலாம்" என்றாள். அவளும் ஒல்லி. இருபத்து நான்கு வயது. ரத்தம் எடுக்கிற பெண் பெயர் கேட்டபோது, கேட்காமலேயே, "எங்கப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஹார்ட்" என்று சொன்னாள். கையை நீட்டிவிட்டு முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஷகிலா மேடம் உள்ளே கூப்பிட்டு என் இடுப்பை அளந்தார். "எண்பத்தி நாலு. நல்லாக் கொறஞ்சி…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நாடாவைச் சுற்றினார். அது சரியாகச் சுருளவில்லை போல, பிரித்து மறுபடியும் சுருட்டினார். நான்தான், "பரவால்லீங்க மேடம்" என்றேன்.

ரிசல்ட் சாயங்காலம் போனில் வரும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டலில் உட்கார்ந்தோம். மிருதுளா எனக்கும் சேர்த்து இரண்டு இரண்டு இட்லி சொன்னாள். சாம்பார் கொதிக்கக் கொதிக்க வந்தது. எதையோ நினைத்துக்கொண்டு பிட்டு வாயில் போட்டேன். இரண்டாவது இட்லி எப்போது முடிந்ததென்று தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எனக்குப் பசித்தது. அவர் போனதிலிருந்து முதல் தடவையாக, வயிறு காந்தப் பசித்தது. வெட்கமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. இன்னொண்ணு சொல்லேன்."

மிருதுளா திரும்பி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.